பவுனு பார்க்கும் பக்கம்

அக்கா,

இன்று காலை பேட்டரி தேடிக் கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். கையை உள்ளே விட்டதும் விரலில் நூல் பட்டது. உன் சிவப்பு நூல். நாலு முடிச்சும் அப்படியே இருந்தன. ஒரு முனையில் பவுனுவின் கழுத்து முடி இரண்டு மூன்று சிக்கியிருந்தது. உன் விரலில் சுற்றிச் சுற்றி இன்னொரு முனை சுருண்டே போயிருந்தது. மோந்து பார்த்தேன். தறிக் கஞ்சி வாசனையும் நாய் வாசனையும் கலந்து அடித்தது. நீ போன நாளிலிருந்து அந்த ஜிப்பை நான் திறந்ததில்லை. மறந்துபோய் அல்ல, பயந்துதான். இன்று ஏதோ அவசரத்தில் கை தானாகப் போய்விட்டது.

அந்த நூல்கண்டு நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? பாவா இறந்து மூன்றாம் மாதம், அம்மையார்குப்பத்தில் உன் மாமியார் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாய். பெட்டியில் நாலு புடவை, ஒரு டிபன் கேரியர், தறியில் மிச்சமான பாதி நூல்கண்டு. "இது எதுக்குக்கா?" என்று கேட்டேன். "தூக்கிப் போட மனசு வரலடா, இருக்கட்டும்" என்றாய். அதற்கப்புறம் பல மாதம் நீ பேசியதே அவ்வளவுதான். சோறு போடுவாய், துணி மடிப்பாய், ஜன்னல் வழியாக மலைக் கோயிலுக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பேச்சுக் கொடுத்தால் "ஆங்" என்பாய். கல்யாணமே செய்துகொள்ளாமல் ஸ்டூடியோவே கதி என்று கிடந்த எனக்கு, வீட்டில் ஒருத்தி வாயே திறக்காமல் இருந்தால் என்ன செய்வது என்று தெரியாது. கடையில் வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவேன்.

பிறகு மணவூர். ஒரு வீட்டு விசேஷத்துக்குப் படமெடுக்கப் போனேன். வலுக்கட்டாயமாக உன்னையும் கூட்டிப் போனேன். நீ ஸ்டேஷனைத் தாண்டி வரவில்லை. "நல்ல காரியம் நடக்கற எடத்துல நான் எதுக்குடா? நீ போயிட்டு வா. நான் இங்கியே குந்திகினு இருக்கேன்" என்று பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். எனக்குக் கோபம். இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கத்தினேன். நீ அசையவில்லை. வேலையை முடித்துத் திரும்பி வந்தபோது உன் கூடையில் ஒரு கறுப்புக் குட்டி கிடந்தது. பெஞ்சுக்கு அடியில் இருந்து உன் கால் விரலைக் கடித்ததாம்.

"பேரு பவுனு" என்றாய்.

"கறுப்பு நாய்க்குப் பவுனா?"

"என் கழுத்துல இருந்த பவுனு பூட்ச்சு. இது கையில வந்துகீது. உனக்கு இன்னா?"

ரயிலில் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாய். அந்த நாய்க்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் அக்கா. நிஜமாகவே சொல்கிறேன்.

படமெடுக்கும் சண்டை ஆரம்பித்தது அது வளர்ந்த பிறகு. பக்கத்து வீட்டுப் பெண் போனில் பவுனுவை எடுத்துக் காட்டினாள். நீ அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்கு வந்தாய். கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "இங்க பாரு, கரித்துண்டு மாதிரி கீது. கண்ணு எங்க? மூக்கு எங்க? ஊருக்கெல்லாம் போட்டோ எடுக்கற, வூட்ல கீற நாய எடுக்கத் தெர்ல."

கறுப்பு நாயை வெயிலில் எடுப்பது லேசான காரியம் இல்லை. வானம் சரியாக வந்தால் நாய் கரியாகிவிடும். நாய் சரியாக வந்தால் வானம் வெளுத்துப்போகும். இரண்டும் வேண்டுமென்றால் பகல் வெயிலிலேயே ஃபிளாஷ் அடிக்க வேண்டும். கேமராவிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். என்னிடம் இருந்தது பழைய மேனுவல் ஃபிளாஷ். அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது, எவ்வளவு வைத்தோமோ அவ்வளவுதான் கொட்டும். நாய் ஓரடி முன்னால் வந்தால் மூக்கு வெந்துபோன மாதிரி வெளுக்கும். ஓரடி பின்னால் போனால் மறுபடி கரித்துண்டு. மணமக்களை "அசையாதீங்க" என்று நிறுத்தி வைக்கலாம். பவுனுவிடம் யார் சொல்வது?

தண்டவாளத்துக்கு அந்தாண்டை இருக்கிற காலி மனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். ஃபிளாஷைப் பார்த்ததும் நீ குறுக்கே வந்து நின்றுகொண்டாய்.

"இது கண்ணுல அடிச்சா அதுக்குக் கண்ணு போயிடாதா?"

"போகாதுக்கா. கல்யாணத்துல எத்தினி கொழந்தைங்களுக்கு அடிச்சிருக்கேன்."

"கொழந்த அழும், வலிக்குதுன்னு சொல்லும். இது சொல்லுமா? மொதல்ல எனக்கு அடி. எனக்குக் கூசலன்னா அப்பறம் அதுக்கு அடி."

நாய் நிற்க வேண்டிய இடத்தில் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். நான் இடது கையில் ஃபிளாஷை நீட்டிப் பிடித்து வலது கையால் அழுத்தினேன். கண்ணை இறுக்கி மூடித் திறந்து, "ம், பரவால்ல. இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணு" என்றாய். குறைத்து இன்னொன்று எடுத்தேன். அதுவும் கூசுகிறது என்றாய். அப்படி ஏழெட்டு. பிறகுதான் பவுனுவுக்கு அனுமதி கிடைத்தது. திரையில் வெளிச்சம் சரியா என்று பார்த்துவிட்டு அந்த ஏழெட்டையும் அங்கேயே அழித்தேன். டெஸ்ட் ஷாட்டை வைத்துக்கொள்ளக் கூடாது, கார்டு நிறைந்துவிடும். தொழிலில் பழகின கை அக்கா, அது யோசிக்காது.

அன்றைக்கு எடுத்த பவுனு படம் ஒன்றும் தேறவில்லை. வெளிச்சம் ஒருமுறை கூடுதல், ஒருமுறை குறைவு. நீ வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியிலிருந்து நூல்கண்டை எடுத்து வந்தாய்.

"தூரந்தானேடா மாறக் கூடாது? தறியில பாவு நூலு லூசானா துணி கெடும். இழுத்துப் புடிச்சா கெடாது. இதுக்கு ஒரு முனைய அது கழுத்துப் பட்டையில கட்டு. இன்னொரு முனைய நான் ஃபிளாஷோட சேத்துப் புடிச்சிக்கறேன். நூலு விறைப்பா இருந்தா தூரம் சரி. அவ்ளோதான்."

இருபது வருஷமாகக் கேமரா பிடிக்கிறவன் நான். எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நடு வெயிலுக்குக் கிட்டத்தில் ஒரு முடிச்சு, மப்பு போட்டால் கொஞ்சம் தள்ளி ஒன்று, மர நிழலுக்கு ஒன்று, சாயங்காலத்துக்குக் கடைசியாக ஒன்று என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். நீ முடிந்துகொண்டே சிரித்தாய். "உங்க பாவாவே எனக்கு மூணு முடிச்சுதான் போட்டாரு. உன் ஃபிளாஷுக்கு நாலா?" பாவாவை வைத்து நீ கேலி பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரமே படம் வந்தது. பளிச்சென்ற நீல வானம், ஓரத்தில் மலை, நடுவில் பவுனு. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. கண்ணில் தேன் நிறம். அதற்குத் தேன் நிறக் கண் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, உனக்கு முன்பே தெரிந்திருந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினாய். தண்ணீர் கேன் போட வருகிறவரைக்கூட விடமாட்டாய். "கண்ணு தெரியுது பாருங்க" என்பாய்.

அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையையும் நாம் விடவில்லை. முதலில் நீ உட்கார்ந்து, நூல் முனையைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டு, "அடி" என்பாய். கூசினால் திட்டு, கூசவில்லையென்றால் சிரிப்பு. நான் பார்ப்பேன், அழிப்பேன். பிறகு பவுனு. நூல் விறைத்ததும் அது அப்படியே நின்றுவிடும். யாரும் பழக்கவில்லை, தானாகவே பிடித்துக்கொண்டது. விறைத்தால் நிற்க வேண்டும், நின்றால் உன்னைப் பார்க்க வேண்டும். நான் வாயால் விதவிதமாகச் சத்தம் கொடுப்பேன். கேமரா பக்கம் திரும்பவே திரும்பாது. "சனியன், ஒரு தடவ இந்தப் பக்கம் பாக்குதா பாரு" என்று நான் கத்துவேன். நீ ஃபிளாஷோடு நெருங்கி வருவாய். "அக்கா, உன் கை தெரியுது, தள்ளு. முந்தானை வருது, தள்ளு." எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? நீயும் தள்ளித் தள்ளிப் போனாய். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் அந்தச் சிவப்பு நூலையும் துடைத்து எடுத்துவிடுவேன். நூல் தெரிந்தால் படம் அசிங்கமாக இருக்குமாம்.

கடையில் என் இன்னொரு வேலை உனக்குத் தெரியும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் செய்து தர என்னிடம்தான் வருவார்கள். பாதிப் பேர் கொண்டுவருவது ஆதார் அட்டை. அந்த முகத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக வரும். அழுத கண்ணோடு நிற்கிறவர்களிடம் நான் வாய் கூசாமல் கேட்பேன்: "உயிரோட இருக்கும்போது ஒரு நல்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கக் கூடாதாங்க?" ஒருமுறை நீ சாப்பாடு கொண்டுவந்தபோது அதைக் கேட்டுவிட்டாய். அந்த ஆள் போனதும், "அவங்களே அழுதுகினு வராங்க. அவங்கள ஏன்டா கொடையற?" என்றாய். நான் நியாயம் பேசினேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் தாண்டிப் போகலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

சாயங்காலம், நாலாவது முடிச்சு. நீ கத்தரிப்பூ நிறப் புடவை கட்டியிருந்தாய். மலையில் விளக்குப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து நூலைத் தொண்டையில் வைத்து "அடி" என்றாய். அடித்தேன். அந்த நேரம் பவுனு பின்னாலிருந்து வந்து உன் காதை நக்கியது, நீ பாதிச் சிரிப்பில் இருந்தாய். திரையைப் பார்த்தேன். வெளிச்சம் சரி. நீ எழுந்து வந்து என் தோள்மேல் எட்டிப் பார்த்தாய். அதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

"டேய், இது நல்லா கீதுடா. நானா இது?"

என் கட்டைவிரல் அதற்குள் அழித்துவிட்டிருந்தது.

"ஐயோ, போச்சா?"

"டெஸ்ட்டுக்கா. இரு, இன்னொண்ணு ஒழுங்கா எடுக்கறேன்."

"வேணாம் வேணாம். வெளிச்சம் பூடும், பவுன எடு. எனக்கு அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

வியாழக்கிழமை காலை நெஞ்சு அடைக்கிறது என்றாய். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாய். பவுனு உன் கால்மாட்டில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது.

பேனர் அடிக்கிற பையன் போன் செய்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். "அண்ணா, அக்கா போட்டோ அனுப்பிடுங்க" என்றான். கம்ப்யூட்டரைத் திறந்தேன். பவுனு, பவுனு, பவுனு. போல்டர் போல்டராகப் பவுனு. ஊரார் கல்யாணங்கள், காதுகுத்துகள், எதிலும் நீ இல்லை. நல்ல காரியம் என்றால் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவள் எந்தப் படத்தில் இருப்பாய்? உன் கல்யாண ஆல்பம் அம்மையார்குப்பத்தில் உன் மாமியார் வீட்டை விற்றபோது அதோடு போய்விட்டது. உன்னுடையது பட்டன் போன். நானோ, கேமராக்காரன் போனில் எடுப்பதா என்று இளக்காரம் பேசுகிறவன். கடைசியில் உன் மணிபர்ஸிலிருந்து ஆதார் அட்டையை எடுத்தேன். "இதுல நான் திருடி மாதிரி கீறேன்" என்று நீயே சிரித்த அதே படம்.

அனுப்பினேன். பையன் மறுபடி கூப்பிட்டு மெதுவாகக் கேட்டான்: "வேற எதுவும் இல்லீங்களாண்ணா?"

என்னை மாதிரி அவன் கேட்டிருக்கலாம். உயிரோடு இருக்கும்போது ஒரு நல்ல போட்டோ என்று ஆரம்பித்திருக்கலாம். அவன் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கடை ஷட்டரை உள்பக்கமாக இழுத்து விட்டுக்கொண்டு அழுதேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மையார்குப்பத்திலிருந்து உன் நாத்தனார் வந்திருந்தார். டிவிக்கு மேலே பவுனு, வானமும் மலையுமாக. கீழே நாற்காலியில் மாலை போட்ட நீ, புள்ளி புள்ளியாக. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா நைனா, நாய்க்கு எவ்ளோ அழகா எடுத்துகீற. எங்க அண்ணிய ஒண்ணு எடுக்கலியா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நூறு தடவைக்கு மேல் எடுத்தேன் என்று எப்படிச் சொல்வேன்? எடுத்தேன், சரியாக வந்ததா என்று பார்த்தேன், அழித்தேன். "இல்லக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அழித்த படத்தை மீட்கிற வழி உண்டு. அதையும் செய்து பார்த்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த இரண்டு நாளும் ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணம், அதே கார்டு. யார் யாரோ தாம்பூலம் வாங்கியதும் பந்தியில் பாயசம் குடித்ததும் உன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஒரு முழு நாள் கம்ப்யூட்டர் தேடிக் கொடுத்தது ஒரே ஒரு துண்டு. மேலே மங்கின வானம், மலை விளக்கு, உன் வகிடு, நரைத்த முன்முடி, நெற்றி. புருவம் வரைக்கும் நீ இருக்கிறாய். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பாதிச் சிரிப்பு இருந்த இடம் முழுக்கச் சாம்பல் நிறம். அதை வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவில்லை.

இன்று நூல் கிடைத்த பிறகு கடையைத் திறக்கவில்லை. பவுனு படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். துடைத்துச் சுத்தம் செய்தவற்றை அல்ல, கேமராவிலிருந்து வந்தபடியே இருப்பவற்றை. எல்லாவற்றிலும் கழுத்துப் பட்டையிலிருந்து சிவப்பு நூல் கிளம்பி, விறைப்பாக, படத்தின் இடது ஓரம்வரை போகிறது. அதற்கப்பால் ஒரு முழம் தள்ளி உன் கை இருந்திருக்கும். பவுனுவின் முகமும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது. இந்தச் சனியன் ஒரு படத்தில்கூட என்னைப் பார்க்கவில்லை என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது அக்கா. எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போதெல்லாம் ஆதார் அட்டையோடு வருகிறவர்களிடம் நான் எதுவும் கேட்பதில்லை. வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்கிறேன். புள்ளியைக் குறைக்க என்னால் ஆனதைச் செய்கிறேன். கல்யாண மேடையில் வெளிச்சம் பார்க்க, பொண்ணு வருவதற்கு முன்னால் யாராவது ஒரு அத்தையையோ சித்தியையோ நிற்க வைப்பேன் இல்லையா? அந்தப் படங்களை அழிப்பதில்லை, ஆல்பத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். ஓரமாக நிற்கிற யாராவது இருந்தால் அவர்களைத்தான் இப்போது தேடிப் பிடித்து நிற்கச் சொல்கிறேன். "நான் எதுக்குப்பா?" என்பார்கள். "டெஸ்ட்டுக்குங்க" என்பேன்.

சாயங்காலம் பவுனுவைக் கூட்டிக்கொண்டு காலி மனைக்குப் போனேன். அதற்கும் வயசாகிவிட்டது, மோவாயில் நரை. தண்டவாளத்தைத் தாண்டும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது, பின்னால் இன்னொரு ஆள் வரவேண்டாமா என்பதுபோல. ஃபிளாஷை ஸ்டாண்டில் மாட்டலாம் என்றுதான் கொண்டுபோனேன், மனசு வரவில்லை. நூலின் ஒரு முனையைக் கழுத்துப் பட்டையில் கட்டினேன். மறுமுனையை, நீ நிற்கிற இடத்தில் இருக்கிற வேப்பங்கன்றில் நாலாவது முடிச்சு வரும்படி சுற்றிவிட்டு, என் இடத்துக்கு வந்து நின்றேன்.

பவுனு கொஞ்சம் சுற்றி வந்தது. தரையை மோந்தது. பின்னால் நகர்ந்தபோது நூல் விறைத்தது. விறைத்ததும் அப்படியே நின்றுவிட்டது. காதைத் தூக்கி இடது பக்கம் திரும்பி, உன் கை இருக்கிற உயரத்துக்குத் தலையை நிமிர்த்திப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. அது பார்வையை எடுக்கவில்லை. வாலை மட்டும் ஒருமுறை மெல்ல ஆட்டியது.

ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன் அக்கா. கரித்துண்டு மாதிரிதான் வந்திருக்கிறது. கண்ணே தெரியவில்லை. அழிக்கவில்லை.

உன் தம்பி